ஒரு சாண் ஆழம்

பன்னிரண்டு வருடமாகியும்
சார்ஜெண்ட் பட்டியல் வாசிக்கையில்
"எலியேசர் சியாச்சோகே" என்றதும்
"இருக்கிறேன்" என்று கத்துகிறோம், அவனுக்காக.
என் குரல் மட்டும் கொஞ்சம் பிந்தும்.

பத்தொன்பது வயது.
தூக்கத்தில் உருளைக்கிழங்கு விலை பேசுவான்.
சீட்டாட்டத்தில் அவனுக்கு நான்
இரண்டாயிரம் பெசோ பாக்கி.
காகெத்தாவின் சகதிப் பாதையில்
மோப்ப நாய் கனேலா காய்ச்சலில் கிடந்த நாள்,
முன்னால் போக வேண்டியவன் நான்.
பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தேன்.
அவ்வளவுதான்.

இந்த வருடம் கூட்டத்தின் ஓரத்தில்
தேன் பாட்டில்களோடு ஒரு பெண்.
துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு
காட்டிலிருந்து இறங்கியவர்களில் ஒருத்தி.
"அந்த ஆற்றங்கரைப் பிரிவில்தான் இருந்தேன்" என்றாள்,
யாரும் கேட்காமலே.

எக்காளம் நின்றது.
அவன் அம்மா எவுதோசியா நேரே நடந்துபோய்
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"எவ்வளவு ஆழம் தோண்டுவீர்கள்?"

அந்தப் பெண் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும்
விரித்துக் காட்டினாள்.

எண் சாண் உடம்பு அவனுக்கு.
பெட்டியில் எத்தனை சாண் வந்ததென்று
அம்மாவிடம் நாங்கள் சொன்னதில்லை.

அம்மா தன் கையை அந்தக் கைமேல் வைத்து
அளந்து பார்த்தாள்.
வெகுநேரம்.
பிறகு, தேன் என்ன விலை என்றாள்.

இரண்டாயிரம் பெசோ குறைந்தது.
நான் கொடுத்தேன்.