இரண்டாவது கைப்பிடி

வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் என்று
மதுரையிலிருந்து மகன் போன் செய்தபோது
திங்கள் மதியம், உலையில் அரிசி.
மாடிப்படி பதினாறு.
அன்றுதான் எண்ணினேன்.

ஏழாம் படி மிதித்தால் பூனையாய்க் கத்தும்.
பதினொன்றில் பலகை பிளந்து சேலைக்கரையைக் கடிக்கும்.
கைப்பிடி, ஏறும்போது வலப்பக்கம்.
ஆணிகளை உப்பு தின்றுவிட்டது,
கடைசல் கால்கள் பல் போன சீப்பு.
அவருடைய வலக்கையோ
இருபது நாளாய்ச் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

காஞ்சிரங்குடியிலிருந்து கோட்டைச்சாமி வந்தார்,
பைக்கின் பின்னால் உட்கார்ந்து
வேங்கைச் சட்டத்தை ஈட்டிபோல் தூக்கிப் பிடித்தபடி.
பார்த்தார். தட்டினார். நகத்தால் கீறினார்.
"இந்தப் பக்கத்ததப் பிடுங்கி
அந்தப் பக்கம் மாட்டிருவோம்,
ஒடஞ்சதுக்கு இந்தச் சட்டம். அவ்வளவுதாம்மா வேலை."
சரி என்றேன்.

கடப்பாரையை வைத்துவிட்டார் அடியில்.
"கொஞ்சம் பொறுங்க."
முந்தானையால் வலக்கையை இடுப்போடு கட்டினேன்,
இடக்கையால் சுவரைத் தடவித் தடவி
பதினாறும் ஏறினேன்.
சுண்ணாம்பு முழுக்க உள்ளங்கையில்.
ஆமாம், இந்தப் பக்கம்தான் வேண்டும்.
மேலே போய்
இறங்கத் திரும்பினேன்.

சுவர் வலப்பக்கம் வந்து நின்றது.
இடக்கைக்கு எட்டியது
நாங்கள் பிடுங்க இருந்த அதே கைப்பிடி.

"ஏறுறத மட்டும் நெனச்சுட்டோமே!"
மேலிருந்தே கத்தினேன்.
கோட்டைச்சாமி அண்ணாந்து பார்த்தார்
கட்டிய கையோடு நான் நின்ற கோலத்தை.
கடப்பாரையை எடுத்துச் சாத்தினார்.
"ரெண்டு பக்கமும் போட்டா பீரோ ஏறாதும்மா."
"அது ஏறி முப்பது வருசமாச்சு.
எறங்கவா போகுது?"

சுவர் பவளக்கல். டிரில் வைத்தால்
மாவு மாவாய்க் கொட்டியது, ஆணி நிற்கவில்லை.
ஒரு பகல் அதிலேயே போனது.
நீளமான போல்ட்டுக்கு அவர் ராம்நாட் போனார்,
நான் தேய்க்க உட்கார்ந்தேன்.
எண்பதாம் நம்பர் தாள், பிறகு நூற்றிருபது.
பச்சைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே இன்னொரு பச்சை.
யார் அடித்தது, எந்தப் பெருநாளுக்கு?
கேட்க எனக்கு நேரமில்லை.
மூக்கில் தூள், கண்ணில் தூள்,
அன்றைய மீன் ஆணத்திலும் தூள்.

மரத்தூளைப் பசையில் குழைத்து
பதினொன்றின் வாயை அடைத்தார்.
ஏழுக்கு ஆப்பு சீவும்போது கேட்டேன்:
"ஆட்டம் போகட்டும், சத்தம் இருக்கட்டும்.
அவர் இறங்குனா அடுப்படியில எனக்குக் கேக்கணும்."
சிரித்தார்.
"ஆட்டத்தோட பேச்சுதாம்மா அது.
ஒண்ண விட்டு ஒண்ண எடுக்க எனக்குத் தெரியாது."
இரண்டு அடி. ஊமையாகிவிட்டது படி.

புதன் அந்தியில் பழையதற்கு வார்னிஷ்.
புதியதை அப்படியே விட்டோம்,
நாளைக்குப் பிடிக்க வேண்டியது அதைத்தானே.
கச்சான் அடித்திருந்தால் விடிவதற்குள் காய்ந்திருக்கும்.
அடித்தது கொண்டல்.
டேபிள் ஃபேனைப் படிக்கட்டில் வைத்து
ராத்திரி முழுக்க ஓடவிட்டேன்.
கடலுக்கு விசிறியது மாதிரிதான்.

வியாழன், அஸருக்குப் பிறகு வந்தார்கள்.
மகன் முன்னால் பின்னடியாக ஏறினான்,
நான் இரண்டு படி கீழே,
விழுந்தால் தாங்கிவிடுவேன் என்பதுபோல.
இடக்கை வேங்கையை இறுக்கிப் பிடித்தது.
நல்ல கால். பிறகு மற்றது.
நல்ல கால்.
வழி ஒடுங்கிப்போனதால்
தொங்கிய வலக்கை
பழைய கைப்பிடியை உரசியபடியே வந்தது.

பத்தாம் படியில் நின்றார்.
ஒரு சொல் வாய்க்குள் நெடுநேரம் புரண்டு
கோணலாக வெளியே வந்தது.

"ஒட்டுது."

வலக்கை விரல்கள் நான்கும்
காயாத வார்னிஷில் பதிந்திருந்தன.
பார்த்துச் சொன்னாரா என்று
மகன் என்னைப் பார்த்தான்.
அவர் கண் மேல்படியில் இருந்தது.

"அப்படியே நில்லுங்க, எடுக்காதீங்க"
என்று சொல்லிவிட்டு
டர்பன்டைன் துணி எடுக்க ஓடி இறங்கினேன்.
ஏழாம் படி
ஒன்றுமே சொல்லவில்லை.