காயாவை எழுப்பிவிட்டோம்

ஒன்பது பேர் இருந்தோம், ஒன்பதாவது நான்.
தாலினில், பழைய தச்சுப் பட்டறை ஒன்றின் இரண்டாம் மாடி.
வாசலில் ஒன்பது ஜோடி கம்பளிச் செருப்பு.
பனிச்சேறு அப்பிய பூட்ஸோடு
எங்கள் முதலீட்டாளர்கூட உள்ளே வந்ததில்லை.
காலுறை ஓட்டையில் கட்டைவிரல் தெரிய உட்கார்ந்துதான்
பணத்துக்குத் தலையாட்டினார்.

தீவுப் படகுகளுக்குச் சீட்டு விற்கும் மென்பொருள்.
முதல் வாடிக்கை ஹீயுமா தீவுப் படகு.
இரவில் அது படுத்துக்கொள்ளும்.
படுத்தால் காயாவின் போன் அலறும்.
அவள்தான் எழுதினாள் அந்த வரியை,
ஒரு பிப்ரவரி, விடியற்காலை மூன்று மணி:

மன்னிக்கவும், ஏதோ தவறிவிட்டது.
காயாவை எழுப்பிவிட்டோம்.

விளையாட்டில்லை, தகவல்.
துறையில் காரோடு நிற்பவர் அதைப் படிக்கும்போது
அவள் நிஜமாகவே எழுந்திருப்பாள்,
போர்வைக்குள் மடிக்கணினியோடு,
ஒரு கண்ணை மட்டும் திறந்து.

அவள் மொழியில் காயா என்றால் எதிரொலி.
என் மொழியில் அது ஒரு கேள்வியின் முதல் பாதி.
ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் கேட்பேன்:
காயா, பழமா?
ழ கடலில் விழுந்துவிட,
'பலம்' என்று கரையேறும் பதில்.

பிறகு குரோவேஷியா. பிறகு கிரேக்கம்.
பிறகு ஒரே மாதத்தில் பிலிப்பைன்ஸ்.
நாற்பதாவது ஆளின் பெயர் தெரியும்.
எழுபதாவது ஆளுடைய நாயின் பெயர் மட்டும்.
நூறு ஜோடிக்கு வாசல் போதாது என்றார்கள்,
தரைவிரிப்பில் மார்ச் மாதச் சேறு ஏறியது.
நிலைகள் வந்தன, ஒன்று முதல் ஏழு வரை.
ஆறு வருடம் படகு கவிழாமல் பிடித்தவளுக்கு
மூன்று.
படிவத்தில் 'தலைமைப் பண்பு' என்ற கட்டம்
காலியாக இருந்ததாம்.

அவள் சண்டை போடவில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை
கம்பளிச் செருப்பைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.
கேக் வந்திருந்தது, பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக.
நான் என்ன செய்தேன்?
என் நிலை ஐந்து.
கேக் சாப்பிட்டேன்.

வரி மட்டும் தங்கிவிட்டது, பதினான்கு மொழிகளில்.
காயா ஆணா பெண்ணா என்று கேட்டு எழுதினார்
கிரேக்க மொழிபெயர்ப்பாளர்.
புதிதாய்ச் சேர்ந்த சீம்
அதை நாங்கள் செய்த கருவி என்று எண்ணி
மூன்று நாள் அதன் கையேட்டைத் தேடினான்.
எடுத்துவிடலாமே என்றேன் ஒரு கூட்டத்தில்.
வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த பெயர்,
கணக்கெடுத்திருக்கிறோம், என்றாள் லீஸ்பெத்.
உண்மைதான்.
ஆளை விட்டுப் பெயரை வைத்துக்கொள்ள
சம்பளம் தேவையில்லை.

நேற்று இரவு முறை என்னுடையது.
மூன்று ஐம்பதுக்கு எல்லாம் விழுந்தது.
செபுவில் நடுக்காலை, துறை நிறையக் கூட்டம்.
நூற்றுத் தொண்ணூறு பேர் கொண்ட நிறுவனத்தில்
விழித்திருந்தது
நானும் என் குளிர்பெட்டியின் முனகலும்.
விரல் எங்கெங்கோ போகிறது.
எதைத் தொட்டாலும் யாரோ ஒருவர்
எனக்குத் தெரியாமல் மாற்றிவைத்த எதோ ஒன்று.

போன் அதிர்ந்தது. எட்டு மாதம் கழித்து, காயா.
ஒரு திரைப்படம் அனுப்பியிருந்தாள், எங்கள் பக்கம்தான்;
மகனின் சதுரங்கப் போட்டிக்குத்
தீவுக்குச் சீட்டு எடுக்கப் பார்த்திருக்கிறாள்.
மன்னிக்கவும். காயாவை எழுப்பிவிட்டோம்.
அதன் கீழே:
"பொய். நான் ஏற்கெனவே விழித்துத்தான் இருந்தேன்.
இருக்கை அட்டவணையின் பூட்டைப் பார்.
எப்போதும் அதுதான்."

அதுதான்.
நாலு இருபதுக்கு எழுந்து நின்றது, படகுகள் நகர்ந்தன.
காயா, பழமா? என்று அனுப்பினேன்.
வந்தது, இன்னமும் ழ இல்லாமல்.

அப்புறம் அறிக்கை.
காரணம்: பூட்டு.
சரிசெய்தவர்:
காயா என்று தட்டினேன்.
அப்படி ஒருவர் இல்லை என்றது
படிவம்.