கூண்டு

துறைமுகத்தில் மூன்றாம் எண் ஏற்றிவிட்டார்கள் என்று
பஸ்ஸில் யாரோ சொல்கிறார்.
எனக்குள் அது ஏறி நாலு நாளாகிறது.

கடல் சும்மா கிடந்த திங்கட்கிழமை,
செம்மண்டலம் சிக்னலில் நிற்கும்போது
வீட்டு ஓனரிடமிருந்து ஒரு வரி:
"கொஞ்சம் பேசணும், சாயங்காலம் இருப்பீங்களா?"
நெஞ்சுக்குள் கயிறு இழுபடும் சத்தம்.
சாயங்காலம் வந்தார்.
மோட்டாரை அணைக்காமல் விட்டது யாரென்று கேட்டார்.
போய்விட்டார்.
கயிறு கட்டியது கட்டியபடி.

அஞ்சலாட்சி என் பெயர்.
அஞ்சல் என்றால் பயப்படாதே என்று அர்த்தமாம்.
எனக்கென்னவோ தபாலாகத்தான் வாய்த்தது,
உறை பிரிக்குமுன்னே கெட்ட சேதி.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்கேன் சென்டரில்
இ.சி.ஜி. எடுக்கிறேன், பதினோரு வருடம்.
வாட்ச்சைக் கழட்டுங்க, காலை நீட்டுங்க,
மூச்சைச் சாதாரணமா விடுங்க.
சாதாரணமான்னா எப்படி என்று
இதுவரை ஒரே ஒருவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்.
அவருக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள்
கடைசி ஆள் போனபின் கதவைத் தாழிட்டு
பத்து ஒயரையும் எனக்கு நானே ஒட்டிக்கொண்டேன்.
ஜெல் சில்லென்றிருந்தது.
நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு.
மற்றபடி கோட்டில் ஒரு குறையில்லை.
குறை இருந்திருந்தால் அதற்கொரு பெயர் இருந்திருக்கும்,
பெயருக்கொரு மாத்திரை.
காகிதத்தை மடித்து கேஸ் புக்கில் வைத்தேன்.

அதே கேஸ் புக்கின் பின்பக்கம்தான்
இப்போது என் கணக்கு.
6.40. குக்கர். தொண்டை.
10.15. டாக்டர், "ஒரு நிமிஷம் உள்ள வாங்க". வயிறு.
இரவு 1.30. தெற்குக் காற்று,
குடிகாட்டுப் பக்கமிருந்து கம்பெனி வாடை.
ஜன்னலைச் சாத்தியும் மூக்கு நம்பவில்லை.
விலா.

மூன்றாம் வாரம் திருப்பிப் பார்த்தால்
பாதி வரி நான் காலையில் சாப்பிடாமல் ஓடிய நாட்கள்.
வெட்கமாகப் போயிற்று.
இத்தனை பெரிய புயலுக்கு
இரண்டு இட்லிதானா?

மீதிப் பாதியை அடுப்படியில் நின்று யோசித்தேன்.
விசில் வந்துவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை.
வருவதற்கு முன் குக்கர் ஒரு மூச்சு இழுக்கிறதே, அங்கேதான்.
தானே அடித்த விடியலில்
எங்கள் கூரைத் தகடு பிய்த்துக்கொள்ளுமுன்
அதே மாதிரி ஒன்று இழுத்தது.
அப்போது நான் ஸ்டீல் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இப்போது கரண்டியை.

நேற்று படுக்கையில் படுத்தவர் பெயர் வீரபாகு.
என் வயதுதான். கை இரண்டும் ஐஸ்.
என்ன வேலை என்றேன்.
"துறைமுகத்துல. கூண்டு ஏத்தறது நாங்கதான்.
ஏத்தறப்ப டிவிக்காரன் போட்டோ எடுக்க வருவான்.
இறக்கறப்ப நாய்கூட வராது."
எப்போது இறக்குவீர்கள்?
"மெட்ராஸ்லேருந்து சொல்லுவாங்க."
எனக்கு எங்கிருந்தும் சொல்வதில்லை என்று
வாய்வரை வந்தது.
பேசாதீங்க, கோடு ஆடுது என்றேன்.

இன்று இரவு 8.17. தெரியாத எண்.
மூன்று மணி அடிக்கும்வரை
மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
எடுத்தேன்.
பார்சலாம். கீழ்வீட்டுக்காம்.
அழைப்பு முடிந்தபிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.
அடிக்கட்டும் என்று விட்டு, எழுதினேன்:
நேரம், இடம், சாப்பிட்டாயிற்று.
எழுதி முடிப்பதற்குள்
மூன்று இரண்டாகியிருந்தது.
ஒன்றுக்கு வரவில்லை.

வெளியே மழை பிடித்துவிட்டது.
துறைமுகத்தில் ஐந்தாக்கிவிட்டார்களாம்.
மெழுகுவர்த்தி எங்கே என்று
இருட்டில் துழாவுகிறார் குமரகுரு.
கேஸ் புக்குக்குப் பக்கத்தில், என்கிறேன்.