ஒரு ஹயர்

உப்புவெளியில் அந்த வெள்ளைக்காரனுக்கு
விசா முடிந்து ஏழு மாதம்.
பாண் சுட்டு விற்கிறான்.
“நல்ல பொடியன், தமிழும் கொஞ்சம் கதைப்பான்”
என்கிறார் வாடகை வாங்கும் தவேந்திரம்.

போன கிழமை ஒரு படகு வந்தது.
இறங்குதுறை வாசலில்
அவர்களை பஸ்ஸில் ஏற்றும்வரை சனம் நின்றது.
மூதூர் நூர்தீன் பிஸ்கட் பெட்டியோடு வந்தார்.
பின்னால் ஒரு குரல்:
“இவங்களை விட்டா நாளைக்குக் காணியும் கேப்பாங்கள்.”
திரும்பினேன்.
தவேந்திரம்தான்.

மண்டபம் முகாமில் பன்னிரண்டு வருசம்
எங்களுக்குப் பக்கத்து அறை.
தண்ணீர்க் குழாயடியில் யாரோ
“சிலோன்காரங்க வந்துட்டாங்க” என்று முணுமுணுக்க,
வெறும் வாளியோடு திரும்பி வந்து
சுவரைப் பார்த்து இருந்த மனுசன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
லீசிங் கட்ட முடியாத மாதங்களில்
அவரிடம்தான் காசு மாறுகிறேன்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் ஒரு பிள்ளை
ரோட்டோரம் பொலித்தீன் மெல்லும்
புள்ளிமானைக் கண்டு சிரித்தது.
இந்த மான்கள் எப்போது வந்தன,
யார் கொண்டு வந்தது,
ஊரில் ஆளுக்கொரு கதை.

தவேந்திரம் ஓட்டோவில் ஏறிக்
கால் மணலைத் தட்டினார்.
“வீட்ட விடு தம்பி.”