ஏழே முக்கால்

வவுனியா நிலையத்தில் இரண்டு பஸ் நின்றன.
மன்னார் பஸ்ஸில் யன்னலோரம் காலியில்லை.
ஏன் திருகோணமலை என்று கேட்டால்
உண்மையான பதில் இவ்வளவுதான்.

யாரும் அப்படிக் கேட்கவில்லை.
"மாற்றம் கிடைச்சு வந்தனீங்களோ?"
என்றுதான் கேட்டார் பெனடிக்டா அன்ரி,
அறைத் திறப்பைக் கையில் வைத்தபடி.
இந்த ஊருக்கு ஆட்கள் மாற்றத்தில் வருவார்கள்,
கப்பலில் வருவார்கள், கோயிலுக்கு வருவார்கள்.
சும்மா வந்தவளுக்கு ஒரு சொல் இருக்கவில்லை.
"ஓம், மாற்றம்" என்றேன்.
அது பொய்யில்லை என்று அன்றிரவு
நுளம்பு வலைக்குள் கிடந்து வாதாடினேன்.
எல்லாமே மாறியதுதானே.

ஓம் சொன்னவள் ஒபிஸுக்குப் போக வேண்டும்.
ஏழே முக்காலுக்குச் சேலை.
பைக்குள் பைல், தண்ணீர்ப் போத்தல்,
நாலு விசுக்கோத்து.
உவர்மலைச் சரிவில் அவசரக்காரி போல இறங்குவேன்.
சந்தி திரும்பியதும்
கால்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

கச்சேரி வாசலைத் தாண்டி,
வங்கி நிழலைத் தாண்டி,
ஒன்பதுக்கு டச் பே.
எட்டு மணிநேரம் எவ்வளவு பெரிது என்று
வேலை செய்த நாட்களில் தெரியவில்லை.
கரைவலை இழுப்பவர்களை எண்ணினேன், பதினேழு பேர்.
அடுத்த நாள் பதினாறு. ஒருவருக்குக் காய்ச்சலாம்.
கூலியில்லாமல் அந்தக் கடலுக்கு
வரவு இடாப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆழமான இயற்கைத் துறைமுகம்
என்று ஏழாம் வகுப்பில் பாடமாக்கியது.
என் சேமிப்புப் புத்தகம் அப்படியில்லை,
அடி தெரிகிறது.

பஸ் நிலையத்தடியில் மான்கள்.
முதல் நாள் படம் எடுத்தேன்.
ஐந்தாம் நாள் அவை லஞ்ச் ஷீட் மெல்லுவதைப் பார்த்தேன்.
ஒன்பதாம் நாள் ஒன்று
வாங்கில் வைத்த என் விண்ணப்பத்தில்
தகைமைகள் முழுவதையும் தின்றது.
மிஞ்சியது பெயரும் பிறந்த திகதியும்
மேற்கூறியவை யாவும் உண்மை என்ற கடைசி வரியும்.

சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்வது?
போட்டோகொப்பிக் கடை இஸ்மத் நானாவிடம் சொன்னேன்.
"மானாவது முழுசாப் படிச்சிச்சே, தங்கச்சி."
மெஷினுக்குப் பக்கத்தில்
யாரோ ஒருத்தியின் விண்ணப்பம் கிடந்தது.
முகாமையாளருக்கு ஒரு கால் இல்லை.
கேளாமலே பேனை எடுத்து ஊன்றிவிட்டேன்.
அடுத்ததிலும் இரண்டு பிழை.
அதற்கடுத்ததில் அப்பாவின் பெயரே பிழை.
நானா பிளேன்ரீ வைத்தார்,
அன்றைய கொப்பிகளுக்குக் காசு வாங்கவில்லை.

இன்றும் ஏழே முக்கால்.
அன்ரி கேற்றடியில் செவ்வந்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு.
"போட்டு வாறன்."
"ஓம் பிள்ளை, கவனம்."
கச்சேரி பூட்டு. வங்கி பூட்டு.
காவலாளி பனியனோடு நின்று பல் தீட்டுகிறான்.
வெள்ளை உடுத்த குடும்பமொன்று
தாமரை மொட்டுகளோடு ஓட்டோவில் போகிறது.

போயா.
நாடு முழுக்க லீவு,
லீவு எடுக்க ஒன்றுமில்லாத எனக்கும்.

திரும்பிப் போக முகமில்லை.
வலைக்காரர் பதினேழும் வந்திருந்தார்கள்.
நாலரைக்கு எழும்பியிருக்கலாம்.
நிலா கடலுக்குள்ளிருந்து முழுதாக ஏறும்வரை இருந்தேன்.
ஓவர்டைம்.

குசினியில் வெளிச்சம்.
புட்டும் கணவாய்க் கறியும் மூடி வைத்திருந்தது.
"இண்டைக்கு வேலை கூடவோ?"
அன்ரியின் முகத்தைப் பார்த்தேன்,
அதில் ஒன்றும் இல்லை.
அவருக்குப் பின்னால் கலண்டர்,
இன்றைய திகதி சிவப்பில்.
"கொஞ்சம் கூடத்தான் அன்ரி."
அவர் கறிச் சட்டியை என் பக்கம் தள்ளினார்.
"நாளைக்கும் ஏழே முக்காலோ?"

விரலில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.
"இல்லை. எட்டரை.
இஸ்மத் நானா எட்டரைக்குத்தான் கடை திறப்பார்."
கொஞ்ச நேரம் பைப் சொட்டும் சத்தம்.

"அப்ப வெள்ளைச் சேலை வேண்டாம் பிள்ளை,
மை பிரளும்."