ஏழில் ஆறு

துலூத் துறைமுகத்தில் பனி உடைந்த வாரம்
கடிதம் வந்தது.
உங்கள் ஏழு கல்விக் கடன்களையும்
ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்றது.
ஒரே தவணை, ஒரே தேதி.
ஒரே தலைவலி என்பது நான் சேர்த்தது.

முப்பத்தாறு வயது எனக்கு.
திக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில்
உதட்டை மூடித் திறக்கச் சொல்லித்தருகிறேன்.
மூன்று நிறுவனங்கள், நான்கு தேதிகள்:
ஐந்தாம் தேதி என் கணக்கில் எலி ஒரு கடி கடிக்கும்,
ஒன்பதில் ஒன்று,
பதினேழு வந்தால் கதவை மூடிக்கொண்டு
பாஸ்தாவை அளந்து வேகவைப்பேன்.

சமையல் மேசையில் ஏழு தாளையும் பரப்பினேன்.
மூத்தது பதினெட்டு வயதில் வாங்கியது,
பெயரின் புள்ளியை வட்டமாகப் போட்ட காலம்.
அடுத்தது அறைவாடகைக்கு என்று வாங்கி
பாதி, காரின் பிரேக்குக்குப் போனது.
இன்னும் இரண்டு இரட்டைப் பிள்ளைகள்,
ஒரே வட்டி, ஒரே முகம்,
எனக்கே அடையாளம் தெரியவில்லை.
ஐந்தாவது, கெர்மிட் என்னை விட்டுப்போன அரையாண்டு:
ஒரு பாடமும் தேறவில்லை,
கட்டணம் மட்டும் தேறியது.
ஆறாவது மேல்படிப்பு. எல்லாவற்றின் மேலும்
அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

ஏழாவது என்று கடைசியில் வைத்தது
காலத்தால் மூன்றாவது.
ஆயிரத்து நூற்று நாற்பது டாலர் மிச்சம்,
வட்டி மற்ற ஆறையும்விடக் கூட.
நிலவியல் படிக்கப் போன கோடை அது.
ஏரியின் வடகரையில் ஆறு வாரம்
கூடாரம், சுத்தியல், கொசு.
பிறகு நான் நிலவியலை விட்டேன்.
அது என்னை விடவில்லை.

நாற்பது நிமிட இசைக்குப் பின் ஒரு குரல்.
பெயர் லவோன் என்றாள்.
ஏழு வட்டிக்கும் சராசரி பார்ப்பார்களாம்,
பெரிய கடனுக்குப் பெரிய பங்கு.
வருவதை எட்டில் ஒரு பங்குக்கு
மேலே தூக்கி நிறுத்துவார்களாம்.
"எப்போதும் மேலேதானா?"
"எப்போதும் மேலேதான், மேடம்."
கட்டாமல் நிற்கும் வட்டியும் அசலாகிவிடும்.
வட்டி குட்டி போடும், தெரியும்.
குட்டிக்கும் வயது வரும் என்பதை
அவள் கனிவாகத்தான் சொன்னாள்.

மாதம் நூற்றுப்பத்து டாலர் குறையும்.
எத்தனை வருஷம் என்றேன்.
விசைப்பலகைச் சத்தம். இருபத்தைந்து.
கூட்டிப் பார்த்தேன்,
அறுபத்தொன்று.

கேட்கத் தேவையில்லாததைக் கேட்டேன்:
கூழாங்கற்கள் ஒட்டிக்கொண்டு உண்டாகும் பாறை உண்டு,
ஒவ்வொரு கல்லையும் விரலால் தொட்டு எண்ணலாம்.
இது அந்த மாதிரியா,
உருகி ஒன்றாகிப்போகிற மாதிரியா?
சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.
"உருகுகிற மாதிரி. திரும்பப் பிரிக்க முடியாது."

ஜன்னலில் பாலம் உயர்ந்தது.
வருஷத்தின் முதல் கப்பல்,
வயிறு நிறைய இரும்புத்தாது உருண்டைகள்.
மலையை இடித்து, மாவாக்கி, ஒரே அளவில் உருட்டியவை.
எந்த உருண்டை எந்தச் சரிவில் இருந்தது
என்று கேட்பாரில்லை.
விற்பதற்கு அதுதான் வசதி.

பெரிய கணக்குக்காரி இல்லை நான்.
ஆனால் நூற்றுப்பத்து டாலர் என்பது
மார்ச் மாதத்து எரிவாயு.
பெருமையை எரித்துக் குளிர்காய முடியாது.

ஆறு கட்டங்களில் குறியிட்டேன்.
"ஒன்றை விட்டுவிட்டீர்களே, மேடம்?"
வட்டி கூடுதலானதைத் தனியே வைத்து
சீக்கிரம் தீர்ப்பதுதான் லாபம் என்றேன்.
உண்மைதான்.
முழு உண்மை அல்ல.
குறைகிற பணத்தில் அறுபதை அதற்குப் போட்டால்
அடுத்த வருஷக் குளிருக்குள் அது தீரும்.
ஒன்றையாவது
அதன் பெயர் சொல்லி முடித்துவைக்க வேண்டும் எனக்கு.

அனுப்பியாயிற்று.
"வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"
"உங்களுக்கு எத்தனை?" என்றேன்.

பாலம் இறங்கி,
நின்ற கார்கள் நகரத் தொடங்கும்வரை
அவள் பேசவில்லை.
"ஒன்பது" என்றாள்.
பிறகு, இந்த அழைப்பு பதிவாகிறது என்பதை
நினைவுபடுத்தினாள்.