பதினோராவது வளைவு

நாலரை மணிக்கு ஜீப் வரும்.
நாலு மணிக்கே கால் நடுங்கத் தொடங்கிவிடும்.
கைகளுக்கு அது தெரியாது,
அவை பாட்டுக்குத் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றும்,
வெங்காயம் உரிக்கும்,
இடுப்பில் கட்டும் சாக்குத் துண்டை மடிக்கும்.

விபத்து நடந்து நாற்பத்தாறு நாள்.
கங்காணியிடம் வாங்கிய முன்பணம் ஏழாயிரம்
இன்னும் கழியவில்லை.
கோயிலிலிருந்து உபதேசியார் வந்தார்,
"விசுவாசம் இருக்கிற இடத்துல பயம் இருக்காது தாயி" என்றார்.
டீ குடித்தார்.
போகும்போது எங்கள் நாய்க்குப் பயந்து
வேலியோரமாகவே போனார்.

நான் சிரிக்கவில்லை.
ராத்திரி முழங்காலிட்டு
பயமில்லை ஆண்டவரே என்று சொல்லிப் பார்த்தேன்.
வாய் புளித்தது.
செபமாலை வியர்வையில் வழுக்கியது,
மூன்றாவது மணிக்குமேல் நகரவில்லை.

அப்புறம்தான் உள்ளதைச் சொன்னேன்.

ஆண்டவரே,
ப்ரேக் பிடிக்கும்போது வரும் கருகல் வாசனைக்குப் பயம்,
கேரளாவிலிருந்து இறங்கும் தடி லாரிக்குப் பயம்,
மூடுபனிக்குள் சுருளி ஒரு கையால்
பீடி பற்றவைப்பதற்குப் பயம்.
இதெல்லாம் ஊரறிந்த பயம்.
இன்னொன்று இருக்கிறது.
பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாதது.

அன்றைக்கு ஜீப் கவிழ்ந்து
பதினாலு பேரும் ஒரே குவியலாகக் கிடந்தபோது
மேலே ஒரு சுளகு அளவுக்கு வானம் தெரிந்தது.
நான் ஏறினேன்.
எதன்மேல் கால்வைத்து ஏறினேன் என்று எனக்குத் தெரியும்.
பவுன்தாயி முதுகு.
"யக்கா" என்றாள்.
மிதித்தேன்.

விழுந்த உடனேயே அவள் கழுத்து முறிந்து
உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.
போன உயிர் எப்படி யக்கா என்று கூப்பிடும்?
அதை நான் அவரிடம் கேட்கவில்லை.

பள்ளம் ஒரே இடத்தில் கிடக்கிறது.
இந்தக் கால்
என்னோடேயே வருகிறது.

நீரும் ஒலிவத் தோப்பில்
பயமில்லை என்று சொன்னவரில்லை.
வேர்த்துக் கொட்டினீர்.
தூங்கி விழுந்த மூன்று பேரை எழுப்பி எழுப்பி
கூட இருங்கள் என்று கெஞ்சினீர்.
அதனால்தான் உம்மிடம் சொல்கிறேன்.
தைரியசாலி ஒருவரிடம் இதைச் சொல்லமுடியாது.

பதில் ஒன்றும் வரவில்லை.
எந்தத் தோட்டத்திலோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
நாலாவது மணி மட்டும் நகர்ந்தது.

ஜீப்பில் என் பக்கத்தில் நாகஜோதி,
பவுன்தாயி மகள்.
அம்மா உட்கார்ந்த இடம், அம்மாவின் தலைத்துண்டு,
வேலைக்கு முதல் நாள்.

திராட்சைப் பந்தல்கள் கீழே போயின.
கம்பத்து விளக்குகள் சிறுத்துக்கொண்டே வந்தன.
எட்டு. ஒன்பது.
பேச்சு நின்றுவிட்டது.
யாரோ முருகா என்றார்கள்.
பத்து.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றேன் அவளிடம்.
ஜீப் முழுக்கக் கேட்டது.
சுருளி பீடியை வெளியே எறிந்தான்.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
வளைவு முடிந்தும் விடவில்லை.
நான் கால்கள் இரண்டையும்
சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மெட்டில் பனி.
செக்போஸ்ட்காரர் டார்ச் அடித்து
"எத்ர பேருண்டு?" என்றார்.
"பதினாலு."
அதே எண்ணிக்கை.

ஏலக்காய், நின்றுகொண்டு பறிக்கிற காயில்லை.
தட்டைக்கு அடியில் மண்ணோடு மண்ணாகச் சரம் ஓடும்,
முழங்காலிட்டுத்தான் எடுக்கவேண்டும்.
எதிர்வரிசையில் அவளும் முழங்காலில்,
பழுத்தது எது பிஞ்சு எது என்று தெரியாமல்
ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக் காட்டிக் கேட்கிறாள்.

அவளிடம் சொல்லவேண்டும்.
இன்றைக்கில்லை.
அதையும் அவரிடம் சொன்னேன்:
இன்றைக்கு முடியாது, பயமாக இருக்கிறது.

மணிக்கட்டில் நாலு நகக்குறி.
மழை பிடிப்பதற்குள்
ஒரு வாளி நிறைந்தது.